ஓரமாக நிற்பது அவமானம் அல்ல

சனிக்கிழமை காலை, பள்ளித் திடலில் வலைப்பந்துப் போட்டி. தோட்டத்து வேலையைச் சற்று முன்னதாகவே முடித்துக்கொண்டு நீங்களும் கோட்டோரம் வந்து நிற்கிறீர்கள். உங்கள் மகள், 'ஜி.டி.' என்று எழுதிய துணியை மார்பில் கட்டிக்கொண்டு, பந்து வைத்திருக்கும் எதிரணிப் பெண்ணின் முன்னால் இரு கைகளையும் தூக்கி நிற்கிறாள். விசில் ஒலிக்கிறது. நடுவர் உங்கள் மகளைத்தான் சுட்டிக்காட்டுகிறார். அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய், கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல் நிற்கிறாள். பந்து அந்தப் பெண்ணின் கையை விட்டுப் போகும் வரையில் அப்படியே நிற்கிறாள்.

அந்த இரண்டு மூன்று விநாடிகளில் பெற்ற மனம் படும் பாடு உங்களுக்குத்தான் தெரியும். "என் பிள்ளை என்ன செய்துவிட்டாள்? தொடவே இல்லையே! இவ்வளவு பேர் முன்னால் நிறுத்தி வைக்கிறார்களே!" என்று கொதிக்கிறது. வாய் சும்மா இருப்பதில்லை. ஒரு சொல் வெளியே வந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் நிற்கும் இன்னொரு தாய் அதற்குப் பதில் சொல்கிறாள். அப்புறம் என்ன, திடலுக்குள்ளே ஓர் ஆட்டம், திடலுக்கு வெளியே ஓர் ஆட்டம்!

தாய்மார்களே, தந்தையரே! அந்த இரண்டு மூன்று விநாடிகளைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் மகள் அங்கே நிற்பது அவமானம் அல்ல. சொல்லப்போனால், அந்த ஆட்டம் அவளுக்குக் கற்றுத்தரும் மிக உயர்ந்த பாடமே அதுதான்.

தொடாமல் ஆடும் ஆட்டம்

வலைப்பந்தை 'போலா ஜாரிங்' என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஓர் அணிக்கு 7 பேர். திடலின் நீளம் 30.5 மீட்டர், அகலம் 15.25 மீட்டர். அதை மூன்று பாகமாகப் பிரித்திருப்பார்கள். இரு முனையிலும் 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு வளையம். அதன் வழியாகப் பந்தைப் போட்டால் ஒரு கோல். ஜி.எஸ்., ஜி.ஏ. என்னும் இருவர் மட்டுமே கோல் போடலாம். மற்ற ஐவருக்கும் அவரவர் வேலை, அவரவர் எல்லை. எல்லை தாண்டினால் விசில்.

இந்த ஆட்டத்தில் முரட்டுத்தனத்துக்கு இடமே வைக்கவில்லை. பந்தைப் பிடித்தவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் இன்னொருவருக்கு எறிந்துவிட வேண்டும், அல்லது கோலுக்குப் போட வேண்டும். பந்து வைத்திருப்பவரைத் தடுக்க நினைப்பவர் 0.9 மீட்டர், அதாவது சுமார் 3 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். அங்கிருந்து கையைத் தூக்கலாம், குதிக்கலாம், பந்தைத் தட்டலாம். ஆனால் மூன்றடிக்குள் போய் மறித்தால் அது தவறு. எதிரணிக்காரர் மேல் மோதி அவருடைய ஆட்டத்தைக் கெடுத்தால் அதுவும் தவறு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேண்டுமென்று இடித்தாலும் தவறுதான், தெரியாமல் இடித்தாலும் தவறுதான். "என் பிள்ளை வேண்டுமென்றா செய்தாள்?" என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை. நடுவர் உங்கள் மகளைக் கெட்டவள் என்று சொல்லவில்லை. "உன்னால் அந்தப் பெண்ணின் ஆட்டம் தடைப்பட்டது, அதைச் சரிசெய்" என்றுதான் சொல்கிறார். எய்தவன் நோக்கம் எதுவானாலும் அம்பு பட்ட இடம் வலிக்கத்தானே செய்யும்?

தண்டனையிலும் ஒரு மரியாதை

சரிசெய்வது எப்படி? அதில்தான் இந்த ஆட்டத்தின் அழகு இருக்கிறது. தவறு செய்தவரைச் சட்டென்று திடலை விட்டு வெளியே துரத்துவதில்லை. யாருக்கு இடையூறு செய்தாரோ, அவருடைய பக்கத்திலேயே நிற்கச் சொல்கிறார்கள். அவர் பந்தை எறியும் வரையில் இவர் ஆட்டத்தில் எந்த வகையிலும் கலந்துகொள்ளக் கூடாது. பந்து கையை விட்டுப் போனதும் தண்டனை முடிந்தது. அடுத்த நொடியே இவரும் ஓடலாம், பந்தைப் பிடிக்கலாம், ஆட்டத்தில் முழுப் பங்கு எடுக்கலாம். யாரும் பழையதைக் கிளறுவதில்லை.

சற்று எண்ணிப் பாருங்கள். நம் குடும்பங்களிலும் லயங்களிலும் ஒரு தவறு நடந்தால் என்ன செய்கிறோம்? ஒன்று, இல்லவே இல்லை என்று சாதிக்கிறோம். அல்லது பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறோம். கல்யாணத்துக்கும் போவதில்லை, கருமாதிக்கும் போவதில்லை. இந்தச் சின்னப் பெண்கள் மூன்று விநாடியில் அதை முடித்துக்கொள்கிறார்கள்! தவறு நடந்தது, ஒதுங்கி நின்றாள், பாதிக்கப்பட்டவளுக்குரிய நியாயம் கிடைத்தது, ஆட்டம் தொடர்ந்தது. பெரியவர்களாகிய நாம் படிக்க வேண்டிய பாடம் இது.

கடுமையான தண்டனைகளும் இல்லாமல் இல்லை. திரும்பத் திரும்பத் தவறு செய்பவரையும், நடுவரை மதிக்காதவரையும், ஆபத்தாக ஆடுபவரையும் எச்சரிக்கவும், கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைக்கவும், அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சாதாரணமாக நேரும் தவறுகளுக்கு, பக்கத்தில் நிற்பதே போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

நியாயம் நிறைந்த விதிகள்

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டத்தை நடுவிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். அந்த முதல் எறிதல் யாருக்கு? கோல் போட்டவர்களுக்கா, வாங்கியவர்களுக்கா? இரண்டும் இல்லை. யார் கோல் போட்டிருந்தாலும், இந்த முறை ஓர் அணி என்றால் அடுத்த முறை மற்ற அணி. ஜெயிக்கிறவனுக்கே எல்லாம் என்பதும் இல்லை, தோற்கிறவனுக்கு இரக்கம் என்பதும் இல்லை. முறை வைத்து, ஒழுங்காகப் பங்கு.

இரண்டு எதிரணிப் பெண்கள் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்துவிட்டால் பிடுங்கிச் சண்டை போடுவதில்லை. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, நடுவர் நடுவில் பந்தைத் தூக்கிப் போடுவார். யாருக்குச் சுறுசுறுப்போ அவருக்குப் பந்து.

இன்னொரு விதியும் உண்டு. ஒருத்தி தவறு செய்துவிட்டாள், ஆனால் எதிரணியிடம் பந்து இருக்கிறது, அவர்கள் கோலை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்போது விசில் ஊதினால் யாருக்கு நட்டம்? தவறு செய்யாதவர்களுக்குத்தானே? ஆகையால் நடுவர் ஊதாமல் ஆட்டத்தைத் தொடர விடலாம். கோட்டோரம் நிற்கும் நாம், "கண் தெரியவில்லையா?" என்று கத்துகிறோம். அவருக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. நம் பிள்ளைகளுக்கு நன்மை செய்யத்தான் அவர் விசிலை வாயிலிருந்து எடுத்திருக்கிறார்!

எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 1891-ல் பிறந்த கூடைப்பந்து, அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிக்கு வந்து, பெண்களுக்கென்று மாற்றி அமைக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பெண்கள் தரையைத் தொடும் நீண்ட பாவாடை உடுத்தியிருந்தார்கள். ஓடித் துள்ளிப் பந்தைத் தட்டிக்கொண்டு போக முடியாது. எனவே எறிந்து பிடிக்கும் ஆட்டமாக அது மாறியது. 1901-ல் விதிகள் அச்சாயின. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கெல்லாம் பள்ளிக்கூடங்கள் வழியாகப் பரவியது. அப்படித்தான் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. பல நாட்டு அணிகளும் ஒரே விதிப்படி ஆட ஓர் அனைத்துலக அமைப்பு வேண்டும் என்று 1960-ல் கூடி முடிவெடுத்த இடம் இலங்கைதான்.

நம் வட்டாரத்துக்கும் இந்த ஆட்டத்தில் பெருமை உண்டு. 1983-லும் 2011-லும் உலகப் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் வலைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது 1998-ல், நம் கோலாலம்பூரில். தென்கிழக்காசியப் போட்டியில் 2015-ல் சிங்கப்பூர் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2017-ல் கோலாலம்பூரில் மலேசியப் பெண்கள் வாங்கினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனை போட்டி இருந்தாலும், ஆட்டம் முடிந்ததும் கை கொடுக்கும் வழக்கம் விட்டுப்போகவில்லை.

உயரமான பெண்ணை என்ன செய்வது?

யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயரம் 2 மீட்டருக்கும் மேல்! இலங்கை அணிக்காகக் கோல் போடும் இடத்தில் ஆடியவர். 2018-ல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை கிண்ணம் வென்றபோது அந்த அணியில் இருந்தவர். அவ்வளவு உயரத்தில் கையை நீட்டிப் பந்தை வாங்கும் ஒருவரைத் தடுக்க நினைக்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, மூன்றடிக்குள் போய் மறிக்கக் கூடாது. பிறகு என்னதான் செய்வது?

வழி இருக்கிறது. அவர் கைக்குப் பந்து வந்த பிறகு தடுப்பது கடினம். அதனால் பந்து அவர் கைக்கு வரும் வழியைத் தடுக்க வேண்டும். எறிகிறவள் எங்கே பார்க்கிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று முன்கூட்டியே கண்டுகொண்டு குறுக்கே ஓடிப் பறிக்க வேண்டும். அது ஒருத்தியால் ஆகிற காரியமல்ல. ஏழு பேரும் சேர்ந்து செய்ய வேண்டியது. நியாயமாக ஆடச் சொல்வது பிள்ளையைக் கோழையாக்குவதாகச் சிலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. இடித்துத் தள்ளுவதற்கு மூளை வேண்டாம். இடிக்காமல் தடுப்பதற்குத்தான் மூளையும் கால் வேகமும் கூட்டாளிகளின் ஒற்றுமையும் வேண்டும்.

நடுவர் பார்க்காத இடம்

இப்படிச் சொன்னால், "எல்லாரும் ஒழுங்காகவா ஆடுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முதுகுப் பக்கமாகச் சட்டையைப் பிடித்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள். முழங்கையால் இலேசாக ஓர் இடி கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இடிபடாமலே விழுந்து நடிப்பவர்களும் இருக்கிறார்கள். திடலில் இருப்பதோ இரண்டு நடுவர்கள். ஆளுக்குப் பாதித் திடல். பதினான்கு பெண்களின் இருபத்தெட்டுக் கைகளையும் நான்கு கண்கள் எப்படிப் பார்க்கும்?

ஆகவே விதிப் புத்தகம் ஓரளவுக்குத்தான் காவல் காக்கும். மீதியைக் காப்பது பிள்ளையின் மனசாட்சி. அந்த மனசாட்சி எங்கே உருவாகிறது? பயிற்சித் திடலில் பாதி, வீட்டில் பாதி. ஆட்டம் முடிந்து வரும் மகளிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி "ஜெயித்தாயா?" என்பதாகவே எப்போதும் இருந்தால், எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று அவள் புரிந்துகொள்கிறாள். "நடுவருக்குத் தெரியாமல் நன்றாக ஓர் இடி கொடுத்தாயே!" என்று தந்தை சிரித்துக்கொண்டே பாராட்டினால் தீர்ந்தது. ஆறு மாதம் ஆசிரியை சொல்லிக்கொடுத்ததை அந்த ஒரு சிரிப்பு அழித்துவிடும்.

ஏழு பெண்கள் சேர்வது எளிதல்ல

இதில் நம்முடைய பள்ளிகளுக்கு ஒரு தனிக் கவலையும் உண்டு. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150 மாணவருக்கும் குறைவான சிறு பள்ளிகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, சில தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் வலைப்பந்து அணி சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம்! நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்று எல்லாவற்றிலும் தேடித்தான் ஏழு பெண்களைப் பிடிக்கிறார் ஆசிரியை. மாற்றாட்டக்காரர் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

இந்த நிலையில், கோட்டோரத்தில் இரண்டு தாய்மார் போட்ட சண்டைக்குப் பயந்து ஒரு பெண், "இனி நான் விளையாட வரவில்லை, டீச்சர்" என்று சொன்னால் என்ன ஆகும்? போவது ஒரு பெண் மட்டுமல்ல, அணியே தள்ளாடிப்போகும். மற்ற ஆறு பெண்களும் அந்த ஆண்டு மாவட்டப் போட்டிக்குப் போவதே சந்தேகமாகிவிடும். "பொம்பளைப் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று காத்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு சாக்குக் கிடைத்துவிடும். படிவம் ஒன்றுக்குப் போனதும் பல பெண்கள் பந்தைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னாலேயே நாமும் ஒரு காரணம் தேடிக்கொடுக்கலாமா?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நம் பக்கத்துப் போட்டிகளில் விசில் ஊதுபவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பள்ளியின் ஆசிரியையாகத்தான் இருப்பார். ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து, வெயிலில் ஓடிக்கொண்டிருப்பவர். அவரை நாம் ஏசினால், அடுத்த முறை விசிலைக் கையில் எடுக்க யார் வருவார்கள்? நடுவர் இல்லாவிட்டால் போட்டியும் இல்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

இது பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. சின்னச் சின்ன வழக்கங்கள்தான்.

கைதட்டுங்கள். உங்கள் அணிக்கு இரண்டு முறை தட்டினால், எதிரணியின் நல்ல கோலுக்கு ஒரு முறையாவது தட்டுங்கள். அந்தப் பெண்ணும் உங்களைப் போல் ஒருவர் பெற்ற பிள்ளைதான்.

விசில் ஒலிக்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். தீர்ப்பு புரியாவிட்டால், அதைக் கேட்க வழி இருக்கிறது. இடைவேளையிலோ ஆட்டம் முடிந்த பிறகோ அணித் தலைவி நடுவரிடம் போய் விதியைப் பற்றி விளக்கம் கேட்கலாம். கேட்க வேண்டியது பன்னிரண்டு வயதுத் தலைவி; நாற்பது வயது நாம் அல்ல. "எக்ஸ்கியூஸ் மீ, டீச்சர், அது எதற்காக?" என்று ஒரு சிறுமி பணிவாகக் கேட்கும் தைரியம், நாம் கத்தும் நூறு கத்தலைவிட மேலானது.

உங்கள் மகள் தண்டனைக்காக ஒதுங்கி நிற்கும்போது அவளைப் பார்த்துத் தலையசையுங்கள். "பரவாயில்லை, நில்லம்மா" என்பது அந்தத் தலையசைப்பில் அவளுக்குத் தெரியட்டும். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். உங்கள் முகத்தில் வெட்கம் தெரிந்தால், அவளும் வெட்கப்படுவாள். உங்கள் முகம் அமைதியாக இருந்தால், அவள் அடுத்த பந்தைப் பற்றி நினைப்பாள்.

ஆட்டம் முடிந்ததும் கை கொடுக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். எதிரணிக்கும் நடுவருக்கும் நன்றி சொல்லச் சொல்லுங்கள். தோற்ற அன்றுதான் அது கட்டாயம் வேண்டும். கொண்டுவந்த மீலோவும் பலகாரமும் மிஞ்சியிருந்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பக்கத்துத் தோட்டத்துக்குத் தட்டு அனுப்பிய வழக்கம் நமக்குப் புதியதா என்ன?

வீட்டுக்கு வரும் வழியில், "ஜெயித்தாயா?" என்பதற்கு முன்னால் "எப்படி ஆடினாய்?" என்று கேளுங்கள். "என்மேல் தவறு இருந்தது, நின்றேன்" என்று அவள் உள்ளதைச் சொன்னால், ஒரு கிண்ணம் வென்று வந்ததற்கு ஈடாக அதைப் பாராட்டுங்கள்.

மூன்றடி மரியாதை

கடைசியாக, பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் அந்த மூன்றடி இடைவெளி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. உங்கள் மகள் இன்னொருத்தியின் இடத்துக்குள் புகக் கூடாது என்று கற்றுக்கொள்கிறாள். அதே சமயம், தன் இடத்துக்குள் யாராவது புகுந்தால் விசில் ஒலிக்கும், தனக்காக ஆட்டம் நிற்கும், தவறு செய்தவர் ஒதுங்கி நிற்பார் என்பதையும் வாரத்துக்கு வாரம் கண்ணால் காண்கிறாள்.

அந்தப் பழக்கம் திடலோடு முடிந்துவிடுவதில்லை. நாளைக்கு அவள் தொழிற்சாலைக்குப் போவாள், அலுவலகத்துக்குப் போவாள், பஸ்ஸில் நெரிசலில் நிற்பாள், இன்னொரு வீட்டுக்கு மருமகளாகவும் போவாள். தன்மேல் தவறு என்றால், "என் தவறுதான்" என்று தலைகுனியாமல் சொல்லத் தெரியும். தன்னிடம் யாராவது அத்துமீறினால், "தள்ளி நில்லுங்கள்" என்று குரல் நடுங்காமல் சொல்லவும் தெரியும். இந்த இரண்டும் தெரிந்த பெண்ணை எந்த ஊருக்கு அனுப்பவும் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை.

கிண்ணங்கள் பள்ளி அலமாரியில் இருந்து கறுத்துப் போகும். எந்த ஆண்டு யார் ஜெயித்தார்கள் என்பதும் மறந்து போகும். தொடாமல் ஆடவும், தொட்டுவிட்டால் ஒதுங்கி நிற்கவும் படித்த பெண்ணுக்கு அந்தப் படிப்பு மறக்காது. அந்தப் படிப்பைத் திடலில் கொடுப்பது ஆசிரியை. அதைக் கெடுக்காமல் காப்பது கோட்டுக்கு வெளியே நிற்கும் உங்கள் கையில் இருக்கிறது.